தீப்பெட்டி விற்கும் கடையில்

வையம்பட்டிக் கடைத்தெருவில் தீப்பெட்டி இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மளிகைக்கடையில் இருக்கும், டீக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும், வெற்றிலைபாக்குக் கடையில் இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டும் பேனாவும் கோனார் உரையும் விற்கும் கடைகளும் உண்டு. ஒரு நாவலோ கவிதைத் தொகுப்போ விற்கும் கடையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.

1920இல் பாரதி கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும், அதற்குக் கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டிருந்தார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாக அந்தப் புத்தகங்கள் விற்றுப்போகும் என்பது அவர் நம்பிக்கை. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

அந்த நம்பிக்கையைக் கவிஞரின் மிகை என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கடைத்தெருவைக் கூர்ந்து பார்த்த ஒருவரின் கணக்காகவே படுகிறது. சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ செய்த தீப்பெட்டி எப்படி வையம்பட்டி டீக்கடைக்கு வந்து சேர்ந்தது? அறிவொளி பரப்ப வேண்டும் என்று யாரும் அதைச் சுமந்து வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து மணப்பாறைச் சந்தைக்கு, அங்கிருந்து சில்லறைக் கடைக்கு என்று கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் கையில் சில பைசா மிச்சமானது. அந்த மிச்சம்தான் பாதை. எந்தக் கையில் மிச்சம் நிற்கவில்லையோ அந்த இடத்தில் பாதை அறுந்துவிடும். புத்தகம் வாங்குவதில் எது சரி, எது தவறு என்று யோசிக்கும்போதெல்லாம் நான் இந்தத் தீப்பெட்டியிடம்தான் திரும்பி வருகிறேன்.

யோசிக்க வைத்தவள் என் அண்ணன் மகள். திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். ஒருநாள் ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, "சித்தப்பா, பி.டி.எஃப். இருந்தா அனுப்புங்களேன்" என்றாள். என்னிடம் இருந்தது. எந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்தோ வந்து, நான் திறக்காமலே கைப்பேசியில் கிடந்தது. அனுப்ப ஒரு விநாடி போதும். நான் கொஞ்சம் கண்டிப்பாக, "அதெல்லாம் தப்பும்மா. எழுதினவர் இன்னும் இருக்கார். வாங்கிப் படி" என்றேன்.

"சரி சித்தப்பா. எங்க போய் வாங்குறது?"

அவள் விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சென்னையில் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் அறிவுரை சொல்வது எளிது. இணையப் பெருங்கடையில் வாங்காதே, பக்கத்துப் புத்தகக்கடைக்குப் போ, திருட்டுப் பிரதியைத் தொடாதே என்பார்கள். மூன்றையும் நான் ஏற்கிறேன். ஆனால் எங்களுக்குப் பக்கத்துப் புத்தகக்கடை என்பது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் திருச்சியில் இருக்கிறது. இன்னொரு பக்கம் போனால் திண்டுக்கல். கடைக்காரர் தரும் பத்து சதவீதக் கழிவைவிடப் போய்வரும் செலவு அதிகம். அரை நாள் கூலி போகும். இவ்வளவும் செய்து போனாலும் நாம் தேடும் புத்தகம் அந்தக் கடையில் இருக்க வேண்டும். கடையே இல்லாத ஊரில் எந்தக் கடை நல்ல கடை என்று கேட்பதில் பொருள் இல்லை. இந்தப் புத்தகம் இங்கே வந்து சேர்வதற்கு யார் யார் உழைத்தார்கள், நான் கொடுக்கும் காசு அவர்களுக்குப் போய்ச் சேர்கிறதா, அடுத்து ஒரு புத்தகம் இதே வழியில் வர அது உதவுமா என்றுதான் நாங்கள் கேட்க முடியும்.

200 ரூபாய் போட்ட ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். பதிப்புத் துறையில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் எழுத்தாளருக்குப் பத்து சதவீதம், அதாவது 20 ரூபாய். விற்பனையாளர் கழிவு முப்பதிலிருந்து முப்பத்தைந்து சதவீதம், அது 60 அல்லது 70. மீதி நூற்றுச் சொச்சத்தில் தாள், அச்சு, கட்டுமானம், தட்டச்சு, மெய்ப்பு பார்த்தவர் கூலி, கிடங்கு வாடகை, விற்காமல் செல்லரித்த பிரதிகளின் நஷ்டம் எல்லாம் அடங்க வேண்டும். முன்பு ஒரு பதிப்புக்கு 1,200 பிரதி அச்சிட்டார்கள். இப்போது பலர் 200, 300 என்று தேவைக்கேற்ப அடித்துக்கொள்கிறார்கள். 300 பிரதியும் விற்றால் எழுத்தாளர் கைக்கு 6,000 ரூபாய் வரும். மூன்று வருடம் எழுதிய நாவலுக்கு. அதுவும் ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கும் பதிப்பாளராக இருந்தால்.

ஒழுங்காகக் கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய பதிப்பகத்தின் முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டினேன். நாவல் தொகுதி, பாதி விலை, ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். வரவே இல்லை. முதல் வருடம் தொலைபேசியை எடுத்துச் சமாதானம் சொன்னார்கள், பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பணம் போனதைவிட, இனிமேல் யார் முன்பணம் கேட்டாலும் கை தயங்குமே என்பதுதான் வருத்தம். ஒருவர் செய்த தவறுக்கு, நாணயமாகத் தொழில் செய்யும் இன்னொருவர் விலை கொடுக்கிறார்.

முன்பணம் என்பது தமிழ்ப் புத்தகத்தின் மிகப் பழைய நல்ல பழக்கங்களில் ஒன்று என்பதால்தான் இவ்வளவு வருத்தம். 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஊர் ஊராகப் பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் அந்த வேலையை நடத்தினார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களும் பொருள் தந்தவர்களும் இல்லாவிட்டால் ஏட்டிலிருந்த சிந்தாமணி அச்சுக்கு வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. அவர்கள் கடையில் இருந்த பொருளை வாங்கவில்லை. இன்னும் பிறக்காத புத்தகத்தை, ஒரு கும்பகோணம் கல்லூரி ஆசிரியரின் வாக்கை நம்பி வாங்கினார்கள்.

அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எங்கள் திரிசிரபுரத்துக்காரர். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த அந்தக் காலத்தில் தண்டியலங்காரம் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தவிப்பு. ஊரில் பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசிக்கு அந்த நூலில் நல்ல பயிற்சி இருப்பது தெரியவந்தது. அவருக்குப் பணிவிடை செய்து, அவர் தெருத்தெருவாகப் பிச்சைக்குப் போகும்போது பின்னாலேயே போய்ப் பாடம் கேட்டார் பிள்ளை. இதை உ.வே.சா. தம் ஆசிரியர் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். மலைக்கோட்டைத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அடிக்கடி இந்தக் காட்சி நினைவுக்கு வரும். நூல் வேண்டும் என்று வந்தவர், அதை வைத்திருப்பவரின் காலடியைத் தொடர்ந்து நடக்கிறார். நான் ஒரு விநாடியில் அனுப்பியிருக்கக்கூடிய அந்த பி.டி.எஃபில் இல்லாமல் போவது இந்த நடைதான். யார் பின்னாலும் யாரும் நடக்க வேண்டியதில்லை. யாருக்கும் கடன்படவும் வேண்டியதில்லை.

எல்லா பி.டி.எஃபும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அதனுடன் போனவை எத்தனையோ. பின்னால் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாக மின்வருடி யார் வேண்டுமானாலும் படிக்க வைத்திருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தது. இவர்கள் நெருப்பிலிருந்தும் கரையானிடமிருந்தும் மீட்டவர்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு ஆகிவிட்ட நூல் இந்தியச் சட்டப்படி எல்லாருக்கும் சொந்தம். பாரதியின் எழுத்தோ அதற்கும் முன்னாலேயே, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கிப் பிறகு பொதுவுக்குத் தந்ததால் நமக்குச் சொந்தமாயிற்று. என் கைப்பேசியில் இருந்தது அப்படியில்லை. உயிரோடு இருக்கும் ஒருவருடைய நாவல், கடையில் கிடைக்கும் நாவல். அதை யாரோ பிரித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எந்தக் கையிலும் எதுவும் மிஞ்சாதபடி பரப்பியிருக்கிறார்கள். பாதையே இல்லாத இடத்துக்கு இது வந்து சேர்கிறதே, நல்லதுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். வந்து சேர்வது உண்மை. ஆனால் வந்த வழியை அழித்துக்கொண்டே வருகிறது.

இணையப் பெருங்கடைகளைப் பற்றி இவ்வளவு உறுதியாக என்னால் பேச முடியவில்லை. 2007இல் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்றுத்தான் தொழிலைத் தொடங்கியது. 2013இல் அமேசான் இங்கே வந்தது. வையம்பட்டியின் பின்கோடைத் தட்டினால் வாசலுக்குப் புத்தகம் கொண்டுவந்து தருகிறேன் என்று முதலில் சொன்னவர்கள் இவர்கள். சென்னை வாசகருக்கு அது வசதி. எங்களுக்கு அது முதல் புத்தகக்கடை. அந்த நன்றியை மறைக்க மாட்டேன். ஆனால் 200 ரூபாய் நாவல் 140 ரூபாய்க்கு வரும்போது அந்த 60 ரூபாய் யாரிடமிருந்து கழிந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. திருச்சியில் வாடகைக்கு இடம் பிடித்து, ஆயிரம் தலைப்புகளை அடுக்கி வைத்து, வருகிறவரிடம் இதைப் படித்துப் பாருங்கள் என்று சொல்கிற ஒருவர் அந்த விலைக்குத் தர முடியாது. அவர் கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இணையத்தில் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த முழு விஷயத்திலும் தயங்காமல் தவறு என்று நான் சொல்லக்கூடியது அதைத்தான். புரட்டிப் பார்க்க இடம் கொடுத்தவருக்குத்தான் அந்தப் புத்தகத்தின் காசு போக வேண்டும்.

பிரான்சில் இதற்குச் சட்டமே உண்டு. 1981இலிருந்து அங்கே புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர்தான் தீர்மானிப்பார். எந்தக் கடையும், எவ்வளவு பெரிய கடையும், ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. இணையக்கடைகள் அஞ்சல் செலவை இலவசமாக்கி அந்தச் சட்டத்தைச் சுற்றிப் போனபோது, 2023 அக்டோபரிலிருந்து 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆணைகளுக்குக் குறைந்தது 3 யூரோ அஞ்சல் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். சிறு ஊர்க் கடைக்காரரையும் பெருநிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுத்தும் முயற்சி அது. ஜெர்மனியிலும் விலை நிலையானதுதான். இங்கே அப்படி எதுவும் இல்லை. புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்ட விலை அதிகபட்ச விலை, அவ்வளவுதான். எனவே சட்டம் செய்யாததை வாசகன் தன் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

வையம்பட்டியைப் போன்ற ஊர்களுக்குச் சட்டத்தைவிடத் தபால்தான் பெரிது. கட்டு கைக்கு வரும்போது பணம் கட்டும் வி.பி.பி. அஞ்சல் 1877இலேயே இந்த நாட்டில் வந்துவிட்டது. தபால்காரர் கையில் காசைக் கொடுத்துக் கட்டைப் பிரித்து வாசித்த தலைமுறைகள் உண்டு, அதில் என் தந்தையும் ஒருவர். பதிவு அஞ்சலில் புத்தகக் கட்டு அனுப்ப இருந்த சலுகைக் கட்டணத்தை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியது. சிறு பதிப்பாளர்களுக்கு அது அடி. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 300 கிராமுக்கு 20 ரூபாய் என்று. பருவ இதழ்களுக்கு அதில் இடமில்லை. சிறுபத்திரிகையைத் தபாலில் எதிர்பார்த்து வாழ்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. திருச்சியில் இருப்பவர் கடைக்குப் போய் இதழை வாங்கிக்கொள்வார். மணப்பாறைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தபால் நின்றால் இதழே நின்றது மாதிரி.

இப்படித் தபாலும் கடையும் போதாதபோது, எழுதியவரே சுமந்து வந்த வரலாறும் நமக்கு உண்டு. சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். 1970 வரை நடத்தினார். எழுத்து பிரசுரத்தின் புத்தகங்களைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் வத்தலக்குண்டில் வளர்ந்தவர், எங்கள் திசைக்காரர்தான். புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த ஒருவர் தோளில் புத்தகப் பையோடு ஓர் ஆசிரியர் அறை வாசலில் நிற்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அவரிடம் வாங்கியவர்களைவிட, பார்க்கலாம் சார் என்று அனுப்பியவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' நாவலையும் சொந்தமாகவே வெளியிட்டார். சாகித்ய அகாதெமி விருது அவர் இறந்த பிறகு, 2001இல் வந்தது.

மலிவாகக் கொடுத்தால் விற்கும் என்று நம்பிச் செய்து காட்டியவர்களும் உண்டு. சக்தி காரியாலயம் வை.கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொண்டுவந்தார். பாரதியின் தீப்பெட்டிக் கனவுக்கு மிகப் பக்கத்தில் போனவர் அவர்தான் என்று சொல்வேன். பெரியார் இயக்கத்தின் சிறு வெளியீடுகள் பொதுக்கூட்டம் நடக்கிற இடத்திலேயே விற்றன, அவரே கூவி விற்றிருக்கிறார். மாஸ்கோவில் அச்சான ருஷ்ய நாவல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், நம்ப முடியாத விலை. அந்த விலைக்குப் பின்னால் ஓர் அரசாங்கத்தின் பணம் இருந்தது. 1991இல் அந்த அரசு போனதும் அந்தப் புத்தகங்களும் நின்றன. விலையைக் குறைத்தது வாசகர்களின் எண்ணிக்கையாக இருந்தால் அது நிற்கும், வேறு யாரோ ஈடுகட்டுவதாக இருந்தால் அவர் போகும் நாளில் அதுவும் போகும். இணையக்கடையின் தள்ளுபடியைப் பார்க்கும்போது எனக்கு அந்த வழவழப்பான தாள் நினைவுக்கு வருகிறது.

பழைய புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் திருச்சியில் புத்தகம் வாங்குவதைப் பற்றிப் பேச முடியாது. மெயின்கார்டு கேட் பக்கம் நடைபாதையில் குனிந்து தேடித்தான் என் அலமாரியில் பாதி சேர்ந்தது. பழைய புத்தகத்தில் எழுத்தாளருக்குக் காசு போகாது. ஆனால் அவருக்குப் போக வேண்டியது முதல் விற்பனையில் போய்விட்டது. எடைக்குப் போய்க் கூழாகியிருக்க வேண்டியதை ஒருவர் பிரித்தெடுத்துக் காப்பாற்றியிருக்கிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். இதில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. ஒருமுறை மட்டும் இருந்தது.

ஒரு சிறுகதைத் தொகுப்பு. பல ஆண்டுகளாக அச்சில் இல்லாதது. முதல் பக்கத்திலும் பதினேழாம் பக்கத்திலும் ஒரு கிராம நூலகத்தின் முத்திரை. நீக்கம் செய்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. யாரோ இரவல் எடுத்துத் திருப்பாமல், பிறகு வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போட்டிருக்க வேண்டும். கடைக்காரரைக் கேட்டேன். "மூட்டையா வந்துச்சு சார், நான் என்னத்தைப் பார்த்தேன்" என்றார். நாற்பது ரூபாய். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வாங்கினேன். இரண்டு வருடம் என் அலமாரியில் இருந்தது. மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் பதினேழாம் பக்கத்தைக் கடக்கும்போது அந்த நீல முத்திரை என்னைப் பார்த்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அந்த ஊருக்கே கொண்டுபோனேன். நூலகர் இளைஞர். பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எப்பவோ கணக்குல கழிஞ்சு போயிருக்கும் சார். இப்ப உள்ள எடுக்கணும்னா அன்பளிப்பாத்தான் எழுத முடியும். உங்க பேரு சொல்லுங்க" என்றார். அது என் அன்பளிப்பு இல்லை, அந்த ஊரின் சொத்து என்றேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் வரி கட்டி வாங்கிய புத்தகம், என் பெயரில் அன்பளிப்பாகப் பதிவானது.

வரி என்று சொன்னேன். வையம்பட்டியில் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவின் மாகாணங்களிலேயே முதலாவது. அதற்குப் பின்னால் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. 1931இல் அவர் எழுதிய நூலக விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாடு போகிற இடத்துக்கெல்லாம் புத்தகம் போனது.

ஆக, எங்கள் ஊரில் புத்தகமே வாங்காதவர் என்று சொல்லப்படுகிறவர்களும் புத்தகம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியின் ஓட்டு வீட்டிலிருந்து போன பைசாவும் ஏதோ ஒரு கவிதைத் தொகுப்பை வாங்கியிருக்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்களில் மிகப் பலர் நிற்பதே நூலக ஆணையை நம்பித்தான். அந்த ஆணை எந்த ஆண்டு வரும் என்று காத்திருப்பதும், பக்கக் கணக்கில் விலை தீர்மானமானதால் பக்கத்தை ஊதிப் பெருக்கியதும், தகுதியில்லாதவை உள்ளே போவதும் பல காலமாகப் பேசப்படும் குறைகள். ஒரு புத்தகம் வாங்கும்போது எங்கே, எப்படி என்று இவ்வளவு கவலைப்படுகிற நாம், நம் எல்லார் பெயரிலும் ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் இடத்தில் எட்டிப் பார்ப்பதே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் நானும் முதல்முறையாக எங்கள் நூலகத்தில் வாசகர் பரிந்துரைக்கு என்ன வழி என்று விசாரித்தேன். ஐம்பது வயதுக்கு மேல்.

நூலகம் என்ன செய்யும் என்பதற்கு நாங்கள் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. மதுரைச் சாலையில் துவரங்குறிச்சி இருக்கிறது. அங்கே ஒரு பெண் குழந்தைக்குப் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வயதுக்கு வந்த பிறகு வீட்டுக்கு வெளியே போகக் கூடாது. கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்கும் கேள்வியே அவர் வாழ்க்கையில் எழவில்லை. ஊர் நூலகத்துப் புத்தகங்கள்தான் அவருக்கு உலகத்தைக் காட்டின. அவர் எழுதியவை வீட்டாருக்குத் தெரியாமல் தபாலில் வெளியே போயின. 2000இல் கவிதைத் தொகுப்பு, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. கவிஞர் சல்மாவைப் பற்றித்தான் சொல்கிறேன். அவரைப் போன்ற ஒருவருக்குப் புத்தகம் எட்டியதற்கு, அந்த ஊரில் வீட்டு வரி கட்டிய ஒவ்வொருவரும் காரணம். அவர்களில் பலருக்கு அது தெரிந்திருந்தால் பிடித்திருக்காது என்பதும் உண்மைதான்.

2022இல் மாவட்ட நிர்வாகம் திருச்சி வெஸ்ட்ரி பள்ளி மைதானத்தில் புத்தகத் திருவிழா நடத்தியபோது எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே பார்த்தேன். கையில் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அவர்கள் அரங்கு அரங்காக நடந்த விதத்தை மறக்க முடியாது. ஒரு புத்தகத்தை எடுப்பதும், பின்னட்டையில் விலையைப் பார்ப்பதும், வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவதும், மறுபடி அதே புத்தகத்திடம் திரும்பி வருவதுமாக இருந்தார்கள். எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது என்று அவ்வளவு கவனமாகப் புத்தகம் வாங்கிய யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த கடை அடுத்த வருடம்தான்.

அண்ணன் மகளின் நாவலுக்கு வருகிறேன். பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசி, முழு விலையும் அஞ்சல் செலவும் அனுப்பினேன். ஆறாவது நாள் தபாலில் வந்தது. அவள் பேருந்தில் போய்வரும் நேரத்திலேயே படித்து முடித்துவிட்டாள். பிறகு தோழிகளிடம் போய், இன்னும் திரும்பி வரவில்லை. கேட்கவும் போவதில்லை. கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டேன்.

அந்தத் தொலைபேசிப் பேச்சின் முடிவில் பதிப்பாளரிடம் இன்னொன்று கேட்டேன். ஐந்து தலைப்பில் இரண்டிரண்டு பிரதி, விற்ற பிறகு பணம், விற்காததைத் திருப்பி அனுப்புகிறேன், தருவீர்களா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நோட்டு பேனா விற்கும் கடைக்காரரிடம் கொண்டுபோய் வைத்தேன். எனக்குப் பழக்கமானவர். "இங்க யாரு சார் இதெல்லாம் வாங்குவா" என்றார், ஆனால் தீப்பெட்டிப் பண்டல்களுக்கு மேல் தட்டில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

நான்கு மாதத்தில் ஆறு விற்றன. வாங்கியவர்களில் ஒருவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், ஒருவர் லாரி ஓட்டுநர். மற்றவர்கள் யாரென்று அவருக்கு நினைவில்லை. கணக்கு முடிக்கப் போனபோது முழுப் பணத்தையும் எடுத்து வைத்தார். முப்பது சதவீதம் உங்கள் கழிவு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "புத்தகத்துல போய்க் காசு பார்க்கச் சொல்றீங்களா சார், வேணாம்" என்றார். நான் விடவில்லை. தீப்பெட்டியில் பார்க்கிறீர்கள்தானே என்று கேட்டேன். கடை வாசலில் நின்று வெகுநேரம் வாதாடினோம். பேருந்துக்கு நின்றவர்கள் என்ன தகராறு என்று திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் எண்ணி எடுத்துக் கல்லாவில் போட்டார்.

மேல்தட்டில் நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. கேட்டேன்.

"பையன் படிச்சுக்கிட்டு இருக்கான் சார். முடிக்கட்டும், அதுக்கும் சேர்த்துக் கணக்குப் பண்ணிக்கலாம்."